டிப்போ மண்

ரத்னம்மா குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஆனாலும் டிப்போ வாசனை அவளுக்கு முன்பே வீட்டுக்குள் இருந்தது.

வேலை விட்டு வந்தால் வாசல் பக்கம் திரும்புவதே இல்லை என்று வைத்திருந்தாள். நேராகக் கொல்லைக்குப் போவாள். ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று, உடுத்திய சேலையைத் தனி வாளியில் ஊறப்போட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றி, நகக்கண் சிவக்கும்வரை தேங்காய் நாரால் தேய்த்துக்கொள்வாள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு. அந்த அழுக்கில் துளியும் உள்ளே போகக் கூடாது என்று டிப்போ இஞ்சினியர் சொன்னது ஒரு தடவை, அவளே தனக்குச் சொல்லிக்கொண்டது நூறு தடவை. அன்றைக்கும் எல்லாம் அப்படியே செய்தாள். ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு உள்ளே கால் வைத்தால், அடுப்பில் புளி கொதிக்கிற வாசனைக்கு அடியில், தரையோடு தரையாக, தாரும் அந்துருண்டையும் கருகிய கட்டையும் கலந்த அந்த நெடி.

"இன்னாமா, மோப்பம் புடிச்சிக்கினு நிக்கிற?" என்றாள் சந்தியா. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரத்னம்மாவுக்கு அவள் ஒரே மகள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பவன்குமார் குவைத்தில் லாரி ஓட்டுகிறான், வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவான்.

"ஒண்ணும் இல்லடி. எம்மேலதான் அடிக்குது போல."

திரும்பிப் போய் இன்னொரு தரம் குளித்தாள். திரும்பி வந்தபோதும் நெடி அங்கேயே இருந்தது.

டிப்போ என்று ஊர் சொன்னாலும் அங்கே பஸ் எதுவும் நின்றதில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டையையும் கரண்டுக் கம்பத்தையும் நீளமான இரும்புத் தொட்டிக்குள் அடைத்து, காய்ச்சிய தார் எண்ணெயையும் பச்சை மருந்தையும் ஏற்றி, கறையான் அண்டாமல் பண்ணுகிற இடம் அது. வரதய்யபாளையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், ரத்னம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து பத்து நிமிஷ நடை. சிமெண்டுக் கட்டை வந்ததும் இழுத்து மூடிவிட்டார்கள். எட்டு வருஷம் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. இப்போது சுற்றிலும் இருக்கிற நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிப்போவை வாங்கியவர்கள் மட்டும், மண்ணைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால்தான் கட்டடம் எழுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து காண்டிராக்டர் வந்தான், ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தான்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முழங்கைவரை ரப்பர் உறை, மூக்குக்கு மூடி. "ராக்கெட்டுல ஏத்தி அனுப்பப் போறானுங்கடி" என்று கூட வேலைக்கு வந்த செங்கம்மா சொல்ல, முதல் நாள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இஞ்சினியர் கோபிகிருஷ்ணன் திருப்பதிக்காரன், சின்ன வயசு. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, இதி பாஷாணம். எலிக்கு வைப்பாங்களே, அது. வாய்க்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான். இக்கட சாப்பாடு வத்து, வெத்தலை வத்து, எதுவும் வேணாம். அர்த்தமாயிந்தா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பழைய தொட்டி இருந்த இடத்தில் குழி தோண்டி, கறுத்த மண்ணை வாரி, பாலிதீன் போட்ட சாக்கில் நிரப்பி, வாயைக் கட்டி, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்க வேண்டும். லாரி வந்து எங்கேயோ தூரத்துக்கு ஏற்றிப்போகும். மேல் மண் வெறும் செம்மண்தான். இரண்டு முழம் இறங்கியதும் நிறம் மாறியது. வெயில் பட்டதும் பளபளவென்று, கடப்பாரையில் ஒட்டிக்கொண்டு விடாமல், கரிய மண். மூடியையும் மீறி அந்த வாசனை உள்ளே வந்தது. செங்கம்மா ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

ரத்னம்மாவுக்கு வாந்தி வரவில்லை. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மூடிக்குள்ளேயே இரண்டு தரம் விழுங்கினாள். விழுங்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அசிங்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இதே டிப்போவில் கட்டை சுமந்தவள். புருஷன் பாலையா தொட்டியில் வேலை, அவள் சுமை. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது உண்டானபோது மசக்கையில் சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஆனால் எண்ணெய் வடிகிற கொட்டகையில், கட்டைகளுக்கு அடியில், குளுகுளுவென்று ஊறிக் கிடந்த மண்ணைப் பார்த்தால் மட்டும் வாய் ஊறும். மடியில் முடிந்து கொண்டுவந்து, பாலையாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள். அந்தப் பிள்ளை தங்கியது. அதுதான் சந்தியா. பாலையா உள்ளங்கையெல்லாம் மருமருவாகக் கறுத்து, ஆறு வருஷத்துக்கு முன்பு செத்துப்போனான். அந்த மண்தான் தன் பிள்ளையைப் பிடித்து வைத்தது என்று ரத்னம்மா வெளியே சொன்னதில்லை. மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வளைகாப்பன்று சொல்லிவிட்டாள். பெண்கள் கூடி உட்கார்ந்தால் மசக்கைப் பேச்சு வராமல் இருக்குமா? ஒருத்தி பல்பம் தின்றேன் என்றாள், ஒருத்தி அடுப்புச் சாம்பல் என்றாள், செங்கம்மா பச்சரிசியைத் திருடித் தின்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள். "நான் டிப்போ மண்ணையே துன்னேன்டி, பாரு, எப்படிப் பொறந்து கீறா எம்பொண்ணு!" என்றாள் ரத்னம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சந்தியா சிரிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று ரத்னம்மா நினைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கிப் பத்தாம் நாள் காலையில் அடுக்கின் ஓரத்தில் ஒரு சாக்கு கிழிந்திருந்தது. மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த பாலிதீனும் கிழிக்கப்பட்டு, மண் கொஞ்சம் குறைந்திருந்தது.

"நாய் வேலை" என்றான் கோபிகிருஷ்ணன்.

"நாய்க்கு மண்ணு எதுக்கு சார்?" என்றாள் செங்கம்மா.

அவன் வேறு சாக்கு எடுத்துவரச் சொல்லிவிட்டுப் போனான். ரத்னம்மா குனிந்து ஓட்டைக்குள் பார்த்தாள். ஈர மண்ணில் நான்கு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், விரல் அகலத்தில். நாய் நகம் இப்படி வழவழவென்று இழுக்காது. அவை மெல்லிய விரல்கள். அவள் கையை உள்ளே விட்டு மண்ணைக் கலைத்தாள், கோடுகள் மறையும்வரை கலைத்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று மாலை சந்தியாவின் தட்டைக் கவனித்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்கியிருந்தாள். முந்தின நாளும் அப்படித்தான், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். சோறு இறங்காத பெண்ணுக்கு முகம் மட்டும் பளபளவென்று எப்படி இருக்கிறது? வயிறு எப்படி நாளுக்கு நாள் இறங்கிப் பெருக்கிறது?

"சந்தியா. வாயத் தொற."

"எதுக்கு?"

"தொறடி."

சந்தியா சிரித்தாள். சிரித்தபோதே தெரிந்துவிட்டது. ஈறும் பல்லும் சேருகிற இடத்தில், மை தீட்டியது போல, மெல்லிய கறுப்புக் கோடு. அவள் மூச்சு ரத்னம்மாவின் முகத்தில் பட்டது. வீட்டில் இருந்த நெடி ரத்னம்மாவின் சேலையிலிருந்து வரவில்லை.

அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் காலி. மீதி, கரேலென்று, ஈரம் காயாமல். ரத்னம்மா அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

"அது பாஷாணம்டி. சார் சொன்னாரு. துன்னா செத்துப் பூடுவாங்க."

"நீயும் துன்னல்ல?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"துன்னல்ல? நான் நல்லாத்தான கீறேன்?" சந்தியாவின் குரலில் கோபம் இல்லை. ஏதோ தூரத்திலிருந்து பேசுவது போல இருந்தது. "நான் இன்னா பண்ணட்டும்மா? எனக்குப் பிடிக்கவே இல்ல. கசக்குது. நாக்கு எரியுது. ஆனா துன்னலன்னா உள்ள ஒதைக்குது பாரு, தூங்கவே விட மாட்டேங்குது. துன்ன உடனே சும்மா ஆயிடுது."

ரத்னம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று பெற்றவள். இந்தப் பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் அதற்குப் பிறகு தான் உயிரோடு இருந்து என்ன பண்ணுவது?

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாள். திரையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏழு மாதம்தானா, நாள் கணக்கு சரியா என்று தெலுங்கில் கேட்டாள். சரிதான் என்றாள் ரத்னம்மா. குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது, கணக்குக்கு மேலேயே வளர்ந்திருக்கிறது என்றாள் டாக்டரம்மா.

"மேடம், பொண்ணு மண்ணு துன்னுது."

டாக்டரம்மா சிரித்தாள். உடம்பில் ரத்தம் குறைந்தால் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். எந்த மண் என்று அவள் கேட்கவில்லை. ரத்னம்மா சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி வரும். இந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? உண்டாகியிருக்கும்போது நீயும் தின்றாயா? இத்தனை பேர் நிற்கிற இடத்தில், தன் மகளுக்கு எதிரில், ஆமாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வாயை மூடிக்கொண்டாள். மாத்திரைச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு மகளை விட்டு நகரவில்லை. வேலையை விட்டாள். முன்கதவைச் சாத்தி, பின்கதவில் கட்டிலை அண்டக்கொடுத்து, அதிலேயே உட்கார்ந்தாள். வேளாவேளைக்குக் கஞ்சி, மோர், மாத்திரை. முதல் நாள் சந்தியா அழுதாள். இரண்டாம் நாள் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலேயே தெரிந்தது. வயிறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு முண்டும், அப்படியே வெகுநேரம் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அது கொல்லைப் பக்கமாகவே முண்டியது. குழந்தை புரளுகிறது, எல்லாப் பிள்ளையும் புரளும்தான் என்று ரத்னம்மா தனக்குச் சொல்லிக்கொண்டாள். கொல்லைக்கு அந்தப் பக்கம்தான் டிப்போ இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள் சந்தியா மூன்றாம் நாள் காலையில்.

"இந்தா கண்ணு, கஞ்சி குடி."

"எனக்கு இல்ல."

ரத்னம்மா கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்தாள். வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் சரியாகக் கண் மூடாத உடம்பு. மத்தியான வெயிலில் ஓடு காய்ந்து, வீடு அனல் அடித்தது. கரண்ட் வேறு இல்லை. தெருவில் ஒரு குஞ்சு குருமான் சத்தம்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே எப்போது சாய்ந்தாள், எப்போது தூங்கினாள், தெரியவில்லை. கழுத்து வலித்து விழித்தபோது நிழல் சுவரில் ஏறியிருந்தது. முன்கதவு திறந்திருந்தது. பாய் காலி.

"சந்தியா?"

செருப்பு போடத் தோன்றவில்லை. வரப்பில் ஓடினாள். வேர்க்கடலைக் கொல்லையில் யாரும் இல்லை. மண் காலைச் சுட்டது. டிப்போவைச் சுற்றி அடித்திருந்த தகரம் வெயிலில் மின்னியது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, வாட்ச்மேன் சாப்பாட்டுக்குப் போயிருந்தான். ஒரு மூலையில் தகரம் நெம்பி வளைக்கப்பட்டிருந்தது. இந்த வயிற்றோடு இதில் எப்படி நுழைந்தாள்? ரத்னம்மாவே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. தகரம் தோளைக் கிழித்தது. வலி தெரியவில்லை.

உள்ளே அமைதி. காக்கை இல்லை, ஓணான் இல்லை. கடப்பாரைகள் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நீலத் தார்ப்பாய் காற்றில்லாமல் தொங்கியது. வாசனை மட்டும் வந்தது. மூடி இல்லாமல், உடுப்பு இல்லாமல், இருபத்திரண்டு வருஷம் கழித்து முழுசாக அவள் மூக்கில் ஏறியது. எச்சில் ஊறியது. துப்பினாள். மறுபடி ஊறியது. துப்பிக்கொண்டே நடந்தாள்.

குழியின் விளிம்பு. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். ஏணி சாய்த்திருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் ஊறித் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் சந்தியா முட்டி போட்டிருந்தாள். முதுகைக் காட்டி. இரண்டு கையும் சுவர் மண்ணில். அள்ளுகிறாள். வாய்க்குக் கொண்டுபோகிறாள். அள்ளுகிறாள்.

ரத்னம்மா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தோளைப் பிடித்துத் திருப்பினாள். சந்தியாவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. உதட்டோரம் கறுப்பாக வழிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தாடையைப் பிடித்து, விரலை விட்டு, மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தாள். சந்தியா கடிக்கவில்லை. முரண்டு பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளை போல வாயைத் திறந்து காட்டினாள். முந்தானையால் நாக்கைத் துடைத்தாள் ரத்னம்மா, பல்லைத் துடைத்தாள், ஈறைத் துடைத்தாள். உள்ளே ஒரு துகள் இல்லாமல் துடைத்தாள்.

"போதும்மா" என்றாள் சந்தியா. குரல் தெளிவாக இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அது அவள் மகளின் குரலாக இருந்தது. "இனிமே தொட மாட்டேன். என்னை ஊட்டுக்கு இட்டுக்கினு போ. ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் வரேன். உண்மையச் சொல்லிடலாம்."

"சொல்லிடலாம்டி. எல்லாத்தையும் சொல்லிடலாம். நானே சொல்றேன்."

ரத்னம்மாவுக்குச் சாமியெல்லாம் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி நிறுத்துவதற்காகத்தான் அப்படிக் குனிந்தாள். குனிந்தபோது அவள் காது சந்தியாவின் வயிற்றில் அழுந்தியது.

கரக். கரக்.

ரத்னம்மா மூச்சை நிறுத்தினாள். மேலே தார்ப்பாயா? இல்லை. ஏணியா? இல்லை.

கரக். கரக். மண்ணில் கல் கிடந்தால் பல்லில் அகப்படுமே, அந்தச் சத்தம். அவசரமில்லாமல். நிதானமாக.

மெதுவாக நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். சந்தியாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. தாடை அசையவில்லை. அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"சந்தியா" என்றாள் ரத்னம்மா, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

வயிற்றுக்குள் சத்தம் நின்றது. யார் கூப்பிட்டது என்று கேட்பது போல, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு, மறுபடியும் மெல்ல ஆரம்பித்தது.